அணைத்து வைத்த எச்சரிக்கை

இல்யாஸின் ஆட்காட்டி விரல்கள் இரண்டும் விசைப்பலகையில் தட்டிக்கொண்டிருந்தன. தான் அணைத்து வைத்திருந்த எச்சரிக்கைகளைத் திரும்பப் போட்டதும், புரோகிராமைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலர் பதினேழு வரிகளைக் கொட்டியது. எல்லாம் ஒரே சங்கதிதான்: தசம எண்ணை முழு எண்ணில் போடுகிறாய், மிச்சம் போய்விடும்.

இல்யாஸுக்குக் காது சுட்டது. புத்தகம் பார்த்துத் தானாகவே சி என்ற கணினி மொழி படித்தவர். "நம்ம புரோகிராம்ல ஒரு எச்சரிக்கைகூட வராதுங்க" என்று அவிநாசி மில்லில் பீற்றிக்கொண்டிருந்தார். 39.9 என்று வரவேண்டிய நூல் நம்பரை, அதாவது நூலின் மென்மையைக் காட்டும் எண்ணை, அந்தப் புரோகிராம் 39 என்று அச்சடித்தது. நூலை எடை போட்டு நோட்டில் கணக்கெழுதும் அன்புச்செல்விக்கு, கம்ப்யூட்டரோடு அவள் கணக்கு ஒத்துப்போகவில்லை என்று மூன்று வாரமாகத் திட்டு. வேலையே போகும் நிலை.

பதினேழையும் திருத்தி, அவள் கொடுத்தனுப்பிய நோட்டோடு ஒப்பிட்டார். அவள் கையால் போட்ட கணக்கில் ஒரு பிழைகூட இல்லை.

மறுநாள் மில்லில் மேலாளர் சென்னியப்பன் சிரித்தார். "ஏனுங்க, அந்தப் புள்ளைக்குக் கண்ணாடி வாங்கிக் குடுத்தறலாமுங்களா?"

"தப்பு அவங்க மேல இல்லீங்க. கம்ப்யூட்டர் சொன்னதை நான்தான் தெரிஞ்சே மறைச்சுப்போட்டேன்."

சென்னியப்பனின் சிரிப்பு நின்றது. அன்புச்செல்வி மெல்லக் கேட்டாள்: "அப்ப என் நோட்டு சரிங்களா?"

"சரிங்க, அம்மணி." தலைகுனிந்தபடியே, திருத்திய புரோகிராம் இருந்த பிளாப்பியை அவள் கையில் கொடுத்தார்.