இரண்டாவது பேஷன்ஸ்

வெர்னா கிம்பால் எங்கள் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். உறைபனிச் சரிவில்கூட அவள் கை நடுங்காது. ஆனால் ஊர் தோன்றிய நாள் வந்துவிட்டால் முகம் கறுத்துவிடும். அன்றைய ஊர்வலத்தின் முதல் வரிசை, முதல் கப்பலில் வந்து குடியேறியவர்களின் வாரிசுகளுக்கு மட்டும். மார்பில் சின்ன வெள்ளிப் பதக்கம். வரிசையின் நடுவே, வெள்ளைத் தொப்பியுடன் வெர்னாவின் அண்ணன் மனைவி லெத்தா.

"கழுத்தத் தூக்கிட்டுப் போறதப் பாரு. கப்பலையே இவதான் தள்ளிட்டு வந்த மாதிரி," என்று என் பக்கத்து நாற்காலியில் இருந்து பொருமுவாள் வெர்னா.

அந்தக் கப்பலில் வந்த, பீப்பாய் செய்யும் ஓசியாஸ் தர்லோ என்பவரின் வம்சம் லெத்தா. தானும் அதே வம்சம்தான் என்பது வெர்னாவின் கட்சி. ஓசியாஸின் மகள் பேஷன்ஸை மாவு அரைக்கும் கேலப் ரோக் மணந்தான். அந்த வழியில் வந்தவள் வெர்னாவின் அம்மா. இதை எழுதி வாரிசுச் சங்கத்துக்கு அனுப்பினாள். மறுத்துவிட்டார்கள். பேஷன்ஸ் தர்லோ மூன்று வயதில் இறந்ததாகப் பழைய கல்லறைத் தோட்டத்தில் கல் இருக்கிறது.

சங்கத்துக்கு அதைச் சொன்னவள் லெத்தா. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில், பீன்ஸ் பரிமாறிக்கொண்டே கேட்டாள்: "செத்த குழந்தைக்குப் பேரன் பேத்தி ஏது வெர்னா?"

அண்ணன் சிரித்தான். "எனக்குக் கவலையில்லப்பா. நான் கல்யாணம் பண்ணியே உள்ள நுழைஞ்சுட்டேன்."

வெர்னா விடவில்லை.

அந்தக் காலத்தில் ஒரு குழந்தை இறந்தால் அடுத்துப் பிறப்பதற்கும் அதே பெயரை வைத்துவிடுவார்கள். இன்னொரு பேஷன்ஸ் இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டாள் வெர்னா. அவளைப் பெற்றிருக்கக்கூடியவள் ஓசியாஸின் இரண்டாம் மனைவி ஹெப்சிபா. அவளுடைய கல்லறைக் கல், பாதிவரை மண்ணில் புதைந்து கிடந்தது. அடி வரிகளைப் படிக்கப் புல்லைப் பெயர்க்க வேண்டும். அதற்குக் கல்லறைத் தோட்டக் குழுவின் அனுமதி வேண்டும். குழுத் தலைவி லெத்தா.

"உங்கிட்டக் கேக்குறதுக்கு நான் அந்தக் குழியிலயே படுத்துக்கலாம்," என்றுதான் ஆரம்பித்தாளாம் வெர்னா.

"படுத்துக்கோ. அதுக்கும் எங்கிட்டதான் அனுமதி வாங்கணும்," என்றாளாம் லெத்தா. ஆனால் மறுநாள் காலையில் மண் கிளறும் கரண்டியோடு அவளே வந்து நின்றாள். நாத்தனார் ஏமாறுவதை நேரில் பார்க்கும் ஆசை.

நான் சுற்றுச்சுவருக்கு வெளியே நின்றிருந்தேன். புல்லைப் பெயர்த்ததும் மணற்கல் ஈரத்தோடு தெரிந்தது. தேய்ந்த எழுத்தைப் படிக்கப் பக்கவாட்டிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி அடிக்க வேண்டும். நடுங்காத கை வெர்னாவுடையது, கண்ணாடியை அவள் பிடித்தாள். பிடிப்பவர் நிற்கும் இடத்திலிருந்து எழுத்து கண்ணுக்குத் தெரியாது. லெத்தாதான் மண்டியிட்டுப் படித்தாள்.

"ஓசியாஸின் மனைவி," என்றாள். பிறகு இன்னும் கீழே குனிந்தாள்.

"என்னடி, வாய் ஒட்டிக்கிச்சா?"

"நேராப் பிடி."

அதற்குள் வெயில் பட்டுக் காய்ந்த கல்லின் அடிப்பகுதி செதிலாகப் பிளந்து, பொடியாக உதிர்ந்தது. வெர்னா கண்ணாடியை எறிந்துவிட்டு ஓடிவந்தாள். கையில் வந்தது மண்.

லெத்தா எழுந்து முழங்காலைத் தட்டினாள். வெகுநேரம் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"கேலப் ரோக்கின் மனைவி பேஷன்ஸுக்குத் தாய்னு இருந்துச்சு. குழுத் தலைவியா கையெழுத்துப் போட்டுத் தரேன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் காருக்குப் போனாள்.

இந்த ஆண்டு முதல் வரிசையில் வெர்னாவும் நடந்தாள், லெத்தாவின் தோளுரசி. பதக்கம் வெயிலில் மின்னியது. ஊர்வலம் முடிந்ததும் நேரே என்னிடம் வந்து நாற்காலியில் விழுந்தாள்.

"அப்படி ஒண்ணும் இல்லன்னு அவ பொய் சொல்லியிருக்கலாம்ல? யாருக்குத் தெரியப்போகுது? நானா இருந்தா சொல்லியிருப்பேன்."

பதக்கத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். தூரத்தில் வெள்ளைத் தொப்பியைச் சுற்றி நாலு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப நல்லவங்கிற பேரும் அவளுக்கே போயிடுச்சு, பாரு," என்றாள்.