பழைய புஷ்ராடு

கும்மிடிப்பூண்டியில் பதினெட்டு வருடமாக டீசல் என்ஜின் பிரிக்கிறேன். யார் சொல்லியும் கேட்டதில்லை. அன்று சோழவரத்து அம்மா ஒருவரின் டிராக்டர் வந்திருந்தது. அறுத்த நெல் அவர் களத்தில் கிடந்தது, வானம் கறுத்துவிட்டது. என்ஜினின் மேல்மூடியான ஹெட்டை அடியில் சீவி ஃபேசிங் செய்திருந்தேன். அப்படி உயரம் குறைந்தால், வால்வைத் தள்ளும் பழைய புஷ்ராடு தேவைக்கு மேல் நீளமாகிவிடும். அளந்துதான் போட வேண்டும். அவசரத்தில் பழையதையே அளக்காமல் மாட்டிவிட்டு, சாவியைத் திருப்பப் போனேன்.

“இரு நைனா, கையால என்ஜின ஒரு சுத்து சுத்திப் பாரு,” என்றார் அந்த அம்மா.

“நீ இன்னா மெக்கானிக்கா? ஓரமா போய் உக்காரும்மா!”

“ஒடஞ்சா பேஜாரு எனக்குத்தான?”

என் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கி அவரே என்ஜினைச் சுற்றினார். பாதியில் வால்வு பிஸ்டனில் முட்டி நின்றது. ஸ்டார்ட் செய்திருந்தால் என்ஜின் போயிருக்கும். அளந்து, குட்டையான ராடு வாங்கிப் போட்டேன். மழைக்கு முன் நெல் வீடு சேர்ந்தது.

அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு மறந்திருப்பேன்.