அர்த்தநாரி அண்ணன் எடுத்த நீலம்

அர்த்தநாரி அண்ணனைப் போல மரியாதை பார்க்கிற மனுஷனை நான் கண்டதில்லை. அச்சு கோணலாக விழுந்தால்கூட ஸ்க்ரீன் சட்டத்தைத் திட்ட மாட்டார், "கொஞ்சம் நேரா வாங்க சாமி" என்பார். எங்கள் பனியன் நகரத்து ராயபுரத்தில் அவருக்குச் சின்னதாக, துணியில் படம் அச்சடிக்கும் ஒரு பிரிண்டிங் பட்டறை. ஆற்றோரத்தில் இருந்த அவர் தோட்டத்தில் சாயப்பட்டறைகள் ஆற்றில் விட்ட சாயத் தண்ணீர் ஏறி, தென்னை எல்லாம் பட்டுப்போன பிறகு ஆரம்பித்தது.

2006-இல் நான் வேலை பார்த்த எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு இங்கிலாந்திலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. அங்கே கிராமத்துப் பக்கம் ஒரு பழைய காடு. அதைப் பார்க்க வருகிறவர்களுக்கு விற்கும் பனியன். அனுப்பிய ஓவியத்தில் ஓக் மரங்கள், கூரை போன கல் சர்ச், மேட்டின் மேல் இடிந்த கோட்டை, மரங்களுக்கு அடியில் தரையெல்லாம் நீலம். சாம்பிள் அடிக்கும் வேலையை அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்தேன். வேலை வராமல் பட்டறையை மூடுகிற நிலையில் இருந்தார். இந்தச் சாம்பிள் தேறினால்தான் தப்பிப்பார்.

ஆர்டர் கொடுக்கும் வெள்ளைக்கார அம்மா நேரிலேயே வந்தார். பனியனை விரித்தோம். மரம் அழகு, சர்ச் அதைவிட அழகு. தரை மட்டும் பச்சைப் பசேல் என்று இருந்தது. அவர் முகம் சுருங்கிவிட்டது.

"நீலம் எங்கே?"

அண்ணனைத் தனியாக இழுத்துப்போய்க் கேட்டேன்.

"ஏனுங்கண்ணா, நீலத்த எதுக்கு எடுத்தீங்க?"

"காட்டுக்குள்ள சாயத் தண்ணி பூந்திருச்சாட்ட இருக்குதுங்க அம்மிணி. அவிய ஊட்டுக் கொறைய நாம பனியன்ல அடிச்சு ஊரெல்லாம் காட்டலாமுங்களா? தப்பில்லீங்களா?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இந்த மனுஷனை என்ன செய்ய! வேறு வழி தெரியாமல் அதை அப்படியே அந்த அம்மாவிடம் இங்கிலீஷில் சொன்னேன். அவர் கைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார். மரத்தடியெங்கும் நீலப் பூ. வருஷா வருஷம் அந்தக் காடு முழுக்க அப்படித்தான் பூக்குமாம்.

"நீலத்தோடு மறுபடி அடிக்கட்டும். ஆர்டர் இவருக்குத்தான்" என்றார்.

நான் சந்தோஷம் தாங்காமல் அதை அண்ணனிடம் இரண்டு தரம் சொன்னேன். அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"பூவுங்களா! அப்ப அவிய தண்ணிக்கு ஒண்ணும் ஆவலீங்களா? நல்லா இருக்கட்டுமுங்க அம்மிணி."