மணல் கேட்ட எலிகள்

அந்த அறையின் கதவைத் திறந்தால் முதலில் கேட்பது ஒரு தட்டல். ஏதோ ஒரு கூண்டில் ஒரு ஜெர்பில் எலி ஆளரவம் அறிந்து பின்னங்காலால் தரையை உதைக்கும். மறுகணம் வரிசையாக எல்லாக் கூண்டுகளிலும் அது பரவும், தகரக் கூரையில் மழை பிடித்த மாதிரி. பிறகு சட்டென்று ஓய்ந்துவிடும். உள்ளே குனிந்து தீனி வைத்துக்கொண்டிருக்கும் அக்கா நிமிராமலே சொல்வார்: "கம்முனு இருங்க. நம்ம பொண்ணுதான் வருது."

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. விலங்கியலில் முதுகலை முடித்த கையோடு, மயிலாப்பூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து அடையாறில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். யானைக்கால் நோய்க்குப் புது மருந்து தேடும் வேலை. அந்த நோயைத் தரும் புழுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கத் தோதான பிராணிகள் வெகு சில. ஜெர்பில் அவற்றில் ஒன்று. நம் வயல்களில் வளை பறிக்கும் வெள்ளெலிக்கு அது பங்காளி முறை. எங்கோ வறண்ட பாலையில் பிறந்த இனம். மணல் நிற உடம்பு, மிளகு போன்ற கண்கள், வால் நுனியில் சிறு குஞ்சம். தண்ணீரை நக்கிக்கூடப் பார்க்காமல் நாள் கணக்கில் இருக்கும். வளையே தோண்ட முடியாத கூண்டின் மூலையை நாளெல்லாம் முன்னங்கால்களால் பறித்துக்கொண்டிருக்கும்.

அக்கா கடலோரக் குப்பத்திலிருந்து வருபவர். மீன் கூடையைச் சுமந்து தெருத்தெருவாக நடந்தவர், இடது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கிப்போய் நடை ஓய்ந்த பிறகு, கூண்டு கழுவும் இந்த வேலைக்கு வந்திருந்தார். வீக்கம் தெரியாதபடி புடவையைத் தழையத் தழையக் கட்டியிருப்பார். இங்கே என்ன நடக்கிறது என்று யாரும் அவருக்கு விளக்கவில்லை. மூன்றாவது வாரம் அவராகவே கேட்டார்.

"அப்ப என் காலுல கீற பூச்சிதான் இதுங்க வயித்துலயும் கீதா?"

"கிட்டத்தட்ட அதான்க்கா" என்றேன்.

அந்தக் கிட்டத்தட்டவுக்குள் எவ்வளவோ மறைந்திருந்தது. எங்கள் ஜெர்பில்களுக்குள் இருந்தது அவர் காலைக் கெடுத்த புழு அல்ல, அதன் நெருங்கிய உறவு. அதைவிட முக்கியம், புழுவையே கொன்றாலும் அத்தனை பெரிதாய் வீங்கிவிட்ட கால் பழையபடி ஆகாது. இரண்டும் எனக்குத் தெரியும்.

ஐப்பசி பிறந்ததும் ஜெர்பில்களுக்குச் சங்கடம் தொடங்கியது. ஈரக்காற்றில் ரோமம் எண்ணெய் தேய்த்தது போலப் பிசுபிசுத்து, கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டது. அக்காதான் சொன்னார், "மணலு கேக்குதுங்கமா. எவ்ளோ நாளா பறிச்சிக்கினே கீதுங்க, யாருக்கும் புரியல." கடற்கரையிலிருந்து ஒரு பை மணல் கொண்டுவந்தார். உப்புப் போக நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, வெயில் இல்லாததால் வீட்டில் வாணலியில் போட்டு வறுத்து, ஆறவைத்து, ஒரு கிண்ணத்தில் நிரப்பிக் கூண்டில் வைத்தார். ஜெர்பில் முகர்ந்தது, ஏறி இறங்கியது, பிறகு மல்லாந்து புரண்டது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் கேட்டார். "மருந்து வந்தா என் காலு வீக்கம் வடிஞ்சிடும்ல?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் வாய்த்திருக்காது. "வரட்டும்க்கா, பாக்கலாம்" என்றேன். ஒரு மனுஷியின் சிரிப்பைக் கெடுக்க மனமில்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

அதன் பிறகு அவர் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டார். அங்கே காலைக் கழுவித் துடைக்கச் சொன்னார்கள், புண் வந்தால் மருந்து தந்தார்கள். "அங்க சோப்பு போடுனு சொல்றதுக்கு ஒரு நாளு வரிசையில நிக்கணும். அதான் நம்ம மருந்து வருதுல்ல" என்று ஏதோ பேச்சுவாக்கில் சொன்னார். நம்ம மருந்து. நான் குறிப்பேட்டில் குனிந்துகொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து, மருந்து கொடுத்த எலிகளையும் கொடுக்காத எலிகளையும் அறுத்துப் பார்த்தோம். இரண்டிலும் புழுக்கள் வெள்ளை நூல்களாக, உயிரோடு நெளிந்தன. ஆய்வை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. மிச்சமிருந்தவை எல்லாம் நோய் ஏற்றியவை. வெளியே விடவும் முடியாது, யாருக்கும் கொடுக்கவும் முடியாது. மயக்க மருந்தில் நனைத்த பஞ்சும் கண்ணாடி ஜாடியும் மேசைக்கு வந்தன.

"கொஞ்சம் இரு" என்றார் அக்கா. ஒவ்வொரு கூண்டாக மணல் கிண்ணத்தை வைத்தார். "பொரண்டுட்டுப் போவட்டும்." பிறகு அவரே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். பழகிய கை என்பதால் எதுவும் திமிறவில்லை. கடைசிக் கூண்டு காலியானதும், "அடுத்து எங்க வச்சி மருந்து செய்வாங்க?" என்று கேட்டார்.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். வேறு புழு என்பதை, கால் வீக்கம் வடியாது என்பதை, முதலிலிருந்தே எனக்குத் தெரியும் என்பதை. அவர் கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டே கேட்டார். குரல் ஏறவில்லை.

"அப்பவே சொல்லியிருந்தா ஆஸ்பத்திரிக்காவது போய்க்கினு இருந்திருப்பேனே."

அடுத்த மழைக்காலத்தில் கால் விரலிடுக்கில் வந்த புண்ணிலிருந்து காய்ச்சல் கண்டு, நஞ்சு உடம்பெல்லாம் ஏறி, நான்காம் நாள் இறந்துபோனார். எனக்குத் தெரிய ஒரு மாதம் ஆயிற்று. குப்பத்தில் விசாரித்துக்கொண்டு போனேன். வீட்டில் மகள் மட்டும் இருந்தாள், இருபது வயதிருக்கும். என்னை உட்காரவைத்து டீ வாங்கி வந்தாள். டம்ளரை என் முன்னால் வைக்கக் குனிந்தபோது அவள் கணுக்காலைப் பார்த்தேன். எலும்பு தெரியவில்லை. அந்த இடம் மழமழவென்று உப்பியிருந்தது.

இந்த முறை நான் தயங்கவில்லை. உடனே ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னேன். தினமும் சோப்புப் போட்டுக் கழுவு, விரலிடுக்கில் ஈரம் தங்க விடாதே, காய்ச்சல் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே, இப்போதே பார்த்தால் பெரிதாகாமல் காப்பாற்றலாம் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அந்தப் புது மருந்து வரவில்லை, அதை நம்பி இருக்காதே என்றும் சொன்னேன்.

அவள் பாவாடையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

"இல்லக்கா, வரும். அம்மா அங்கதான வேல செஞ்சிது, அதுக்குத் தெரியாதா? எனக்குக் காலு வீங்குனப்போ அதான் சொல்லிச்சு. எலிங்களுக்குக் குடுத்துப் பாத்துக்கினு கீறாங்க, வந்துடும், நீ கவலப்படாதன்னு."

அம்மா எப்போது சொன்னார் என்று கேட்டேன்.

"சாவறதுக்கு ரெண்டு நாளு முன்னாடி" என்றாள்.

நான் இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஒட்டுண்ணிகள் பற்றிய வகுப்பில் யானைக்காலைக் குணமாக்கும் மருந்து உண்டா என்று மாணவிகள் கேட்டால், கேள்வி முடியும் முன்பே பதில் சொல்லிவிடுகிறேன், எதையும் மிச்சம் வைக்காமல். அவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். யாருடைய காலும் வீங்கியிருப்பதில்லை.