எலி பிடிக்காத பாம்பு

தொண்டைமானாற்றில் ஒரு தேநீர்க் கடை. மர வாங்கில் அமர்ந்து பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். பின்கதவால் ஆள்நீளப் பாம்பு ஒன்று வந்து, எனக்குக் கீழே புகுந்து, கோதுமை மாச் சாக்குகளுக்குப் பின்னால் போகிறது. என் இரண்டு கால்களும் தாமாகவே வாங்கின் மேல் ஏறிவிடுகின்றன.

"பயப்பிடாதேங்கோ தம்பி, உது சாரை. விசமில்லை, எலி பிடிக்கத்தான் வாறது," என்கிறார் கடைக்கார அக்கா, தேத்தண்ணியை ஆற்றியபடி. "ஆளைக் கண்டால் ஓடிப்போயிடும். நாகம் எண்டாலும் சீறிக் காட்டும். புடையன்தான் அசையாமல் கிடந்து கடிக்கும்."

கனடாவில் நானும் ஒரு மலைப்பாம்பு வளர்க்கிறேன், பயந்தால் பந்துபோலச் சுருண்டுவிடும் என்கிறேன்.

"எலி பிடிக்குமோ?"

"இல்லை அக்கா. கடையிலை எலி வாங்கிப் போடுறனான்."

அவர் சிரிக்கிற சிரிப்பில் தேத்தண்ணி தளும்புகிறது. அப்போதுதான் என் கால்கள் கீழே இறங்குகின்றன.