ஐம்பத்துமூன்று மணி பன்

அந்தப் பேக்கரி அடுப்பில் நேரம் காட்டும் திருகு பழுதாகிப் பல வருடம் ஆகிறது. யாரும் சரிசெய்யவில்லை, தேவைப்படவும் இல்லை. ரொட்டி போடுபவரின் வாய்தான் கடிகாரம். பன் வேக ஒரு முழு செபமாலை, அதாவது மணிக்கு ஒன்றாக ஐம்பத்துமூன்று ‘அருள் நிறைந்த மரியே’. பிஸ்கட்டுக்கு முப்பது மணி போதும். அவருக்குப் பட்டப்பெயரும் செபமாலை என்றே நிலைத்துவிட்டது. பன் எப்போது கிடைக்கும் என்று கேட்டால் கல்லாவிலிருந்து முதலாளியம்மா, “இன்னும் இருபது மணி இருக்கு” என்பார். புதிதாக வந்தவர்கள், நாளைக்குத்தான் கிடைக்கும்போல என்று திரும்பிப் போனதும் உண்டு.

இந்தச் செபமாலை கோயில் படியேறி மூன்று வருடம் ஆகிறது என்பதுதான் வேடிக்கை. மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முழங்கால் தேய வேண்டினார். போனவள் போய்விட்டாள். அன்றோடு ஞாயிறு பூசையும் நின்றது. பங்குச் சாமியார் வீடு தேடியே வந்தார்.

“அடுப்படியில மட்டும் தினமும் சொல்றீங்களாமே?”

“அது எண்ணுறது சாமி. இனிமே மாதாகிட்ட எதையும் கேக்க மாட்டேன்.”

வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு.

அன்று காலை செபமாலை பன் தட்டுகளை உள்ளே தள்ளியதும், வெளியூரிலிருந்து மருமகன் போன் செய்தான். “மாமா, பிரசவத்துல ஏதோ சிக்கலாம். அவளை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போயிட்டாங்க.”

ஒரே மகள். கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அடுப்பின் முன் நின்று வழக்கம்போல ஆரம்பித்தார். ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ வந்ததும் அதைத் தாண்டி மேலே போகவில்லை. மறுபடி அதையே சொன்னார். மறுபடியும் அதையே.

கருகல் வாடை தெருமுனை வரை போனது. முதலாளியம்மா ஓடிவந்து தட்டை வெளியே இழுத்தார். எந்தக் கோயில் பக்கமும் தலைவைத்துப் படுக்காதவர். கோபம் மட்டும் மூக்கின் மேல் இருக்கும்.

“எத்தனை மணிண்ணே எண்ணுனீங்க? நூறா?”

“எண்ணலைம்மா. கேட்டுட்டேன்.” பிறகுதான் மகள் விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

முதலாளியம்மா கரிந்ததை ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்த தட்டை எடுத்து உள்ளே வைத்தார்.

“இதை நான் எண்ணிக்கிறேன். நீங்க கேளுங்கண்ணே” என்றவர், இருபது வருடமாகக் காதில் விழுந்து மனப்பாடமாகிப் போன ‘அருள் நிறைந்த மரியே’யை ஒரு சொல் பிசகாமல் தொடங்கினார்.