கழுவுகிறவன் கண்ட கசிவுகள்

காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, கண்ணுக்குள் ஒரு சொட்டு எஞ்சின் எண்ணெய் வாங்கிய யாராவது இதை வாசித்தால் அவர் எனக்குச் சொந்தக்காரர் மாதிரி. மற்றவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய காரில் எண்ணெய் சொட்டும் இடம் ஒன்று, கசியும் இடம் வேறொன்று. இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டதால்தான் இலங்கை மலைநாட்டு அட்டன் பட்டணத்தில் நான் தலை நிமிர்ந்து நடந்தேன்.

வாளியும் கத்தியும்

தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷத்தில் அட்டனில் ஒரு கராஜில் எஞ்சின் கழுவும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே மெக்கானிக் ஒவ்வொருவருக்கும் பூட்டுப் போட்ட ஸ்பேனர் பெட்டி ஒன்று உண்டு. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் அவரவர் பேர் இருக்கும். தொழில் தெரிந்தவர்கள் என்று அவர்களை எல்லாரும் மரியாதையாக ‘பாஸ்’ என்று கூப்பிடுவார்கள். எனக்கு ஒரு வாளி, ஒரு பிரஷ், ஒரு டின் மண்ணெண்ணெய். எனக்குப் பெட்டி எப்போது கிடைக்கும் என்று போர்மன் கோவிந்தனிடம் கேட்டேன். கழுவுகிறவனுக்கு ஸ்பேனர் எதற்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூன்று வருஷம் அவர் என்னை ‘டேய்’ என்றுதான் கூப்பிட்டார். எனக்கு அப்பா அம்மா வைத்த பேர் மாரிமுத்து.

மலை ரோட்டுப் புழுதியும் எண்ணெயும் சேர்ந்து எஞ்சின்மேல் விரல் தடிப்புக்குக் காய்ந்து கிடக்கும். அட்டன் குளிரில் அது கல் மாதிரி இறுகிவிடும், பிரஷ் ஒன்றும் செய்யாது. நான் எங்கள் தோட்டத்துக் குடியிருப்பு லயத்திலிருந்து தேய்ந்துபோன கவ்வாத்துக் கத்தி ஒன்றைக் கொண்டுவந்தேன். தேயிலைச் செடி வெட்டுகிற வளைந்த கத்தி அது, நுனி எந்த இடுக்குக்குள்ளும் போகும். தண்ணீர் படக்கூடாத மின்சாரப் பாகங்களைத் தேயிலைப் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளால் சுற்றினேன். சுரண்டி, மண்ணெண்ணெய் அடித்து, சவர்க்காரத் தண்ணீர் ஊற்றித் துடைத்தால் இரும்பில் வார்த்திருக்கும் இங்கிலீஷ் எழுத்துக்கூடத் தெரியும். எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்துத்தான். ஆனாலும் அதை வெளியே கொண்டுவந்தது நான். போர்மன் எஞ்சினைப் பார்க்கவில்லை, கத்தியைத்தான் பார்த்தார். மெக்கானிக்மார் பக்கம் திரும்பிச் சொன்னார்: “எஞ்சினக் கழுவச் சொன்னா, இவன் கவ்வாத்து வெட்ட வந்திருக்கான்.”

மூக்கைத் தூக்கி நிறுத்தினேன்

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலை ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்த டீமேக்கர் ஐயா ஒருவர் இருந்தார். அவருடைய பழைய காரில் கியர் பெட்டி சேருகிற இடத்தில் எண்ணெய் சொட்டியது. போர்மன் இரண்டு தடவை கியர் பெட்டியை இறக்கி உள்ளே சீல் மாற்றினார். இரண்டு தடவையும் கராஜில் ஒரு மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார், ஒரு சொட்டு விழவில்லை. ஐயா வீடு போய்ச் சேர்ந்ததும் வாசலில் மறுபடியும் கறுப்பு வட்டம்.

மூன்றாம் தடவை கார் வந்தபோது கழுவ என்னிடம் விட்டார்கள். நான் யோசித்தேன். கராஜ் தரை சமம். ஐயாவின் ரோடு முழுக்க ஏற்றம். சாப்பாட்டு நேரத்தில் ஒரு மெக்கானிக்கைக் கெஞ்சி, கராஜுக்குப் பக்கத்து ஏற்றத்தில் காரை மூக்கு மேலே இருக்கிற மாதிரி நிறுத்தவைத்தேன். சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டேன். பத்து நிமிஷம் போனது. எஞ்சினின் மேல் மூடி, அதன் பின்பக்க மூலை, அங்கிருந்து ஒரு மெல்லிய கோடு இறங்கியது. மூடிக்குக் கீழே கசியாமலிருக்க வைக்கிற கார்க் பட்டை நசுங்கிச் சப்பையாகிவிட்டது. ஏற்றத்தில் எண்ணெய் பின்னால் தேங்கி அதன் வழியாக வழிந்து, எஞ்சின் முதுகில் ஓடி, கியர் பெட்டியடியில் சொட்டுகிறது. போர்மன் இரண்டு தடவை இறக்கிய கியர் பெட்டியில் ஒரு குற்றமும் இல்லை.

சாப்பிட்டு வந்த போர்மனிடம் காட்டினேன். புதுக் கார்க் வெட்டிப் போட்டார். ஐயா வந்ததும் தானே கண்டுபிடித்ததாகச் சொன்னார். நான் பக்கத்தில்தான் வாளியோடு நின்றேன். ஐயா அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்: “போர்மன் கண்ணுதாங்க கண்ணு.”

சட்டைப்பையில் இருந்த திருநீறு

அடுத்தது திம்புள்ளப் பக்கத்துத் தோட்டத்தின் வெள்ளைக்காரப் பெரியதுரையின் கார். அதில் எண்ணெய் சொட்டவில்லை. ஆவி மாதிரி தெறித்து ஒரு பக்கம் முழுக்க நனைத்துவிடும். கறுப்பு இரும்பில் புது எண்ணெய் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. எஞ்சின் தலையைக் கழற்ற வேண்டும் என்று போர்மன் முடிவு செய்திருந்தார். நான் கழுவிக் காயவைத்துவிட்டு நின்றேன். காலையில் கோயிலில் வாங்கிய திருநீறு சட்டைப்பையில் இருந்தது. மெல்லிய துணியில் கட்டி, நனைகிற பக்கம் முழுக்கத் தட்டினேன். எஞ்சின் பண்டாரம் மாதிரி வெள்ளையாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் துரை வந்து நின்றார். போர்மனுக்கு முகம் செத்துவிட்டது. இவன் தோட்டத்து ஆள், சாமி கும்பிடுகிறான் என்று துரையிடம் சமாளித்தார். எனக்கு அது காதில் விழுந்தது, மனதிலும் விழுந்தது. நான் துரையின் டிரைவர் சுப்பையாவிடம் எஞ்சினை ஓடவிடச் சொன்னேன். எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளைக்கு நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி வந்தது, அது பெரிதானது. எண்ணெய் அழுத்தம் காட்டுகிற மெல்லிய குழாய், அதன் முனையில் மயிர் பருமனுக்கு ஒரு வெடிப்பு. தலையைக் கழற்ற வேண்டிய வேலையே இல்லை. துரை நிமிர்ந்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “இந்த சாமி நல்ல சாமி. எண்ணெய் எந்தப் பக்கம் போகுது, சரியா காட்டுது.”

சந்தனப் பொட்டு

அடுத்த வாரமே போர்மன் திருநீற்றுக்குப் பதிலாகப் பள்ளிக்கூடத்து வெண்கட்டியை இடித்துத் தூளாக்கி வைத்துக்கொண்டார். அது தன் யோசனை என்று பேர். எனக்குப் பெட்டி தரவில்லை. ‘டேய்’ போகவில்லை.

ஆயுத பூசை முடிந்த மூன்றாம் நாள் துரையின் கார் திரும்பி வந்தது. இந்தத் தடவை எல்லா மூட்டிலும் எண்ணெய். அளவு பார்க்கிற கம்பியின் ஓட்டையிலிருந்துகூட வழிந்தது. மறுநாள் காலை துரைசாணியைக் கொழும்பில் கப்பலேற்ற வேண்டும் என்று துரை நின்றார். எஞ்சினை இறக்க வேண்டும், மூன்று நாளாகும் என்றார் போர்மன். இறக்குவதற்கு முன்னால் கழுவ என்னிடம் விட்டார்.

கழுவும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எண்ணெய் ஊற்றுகிற மூடியில் சின்னச் சின்னத் துளைகள் உண்டு, எஞ்சின் மூச்சு விடுவது அதன் வழியாகத்தான். திருநீற்றால் கார் குணமானதைப் பார்த்த சுப்பையா, பூசைக்கு அந்த மூடிமேல் சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமமும் வைத்திருந்தார். சூட்டில் அது காய்ந்து ஓடாகிவிட்டது. மூச்சு அடைத்த எஞ்சின் கிடைத்த இடத்திலெல்லாம் எண்ணெயைப் பிதுக்கித் தள்ளியது. நான் மற்ற எல்லாவற்றையும் பளபளவென்று கழுவினேன். அந்த மூடியை மட்டும் தொடவில்லை.

“எங்கடா கசியுது?” என்றார் போர்மன்.

“எல்லா இடத்திலயுந்தாங்க.”

“என்ன காரணம்?”

“எனக்கு எப்படிங்க தெரியும்? நான் கழுவுறவன்.”

மெக்கானிக்மார் கையில் இருந்ததைக் கீழே வைத்தார்கள். துரை கடிகாரத்தைப் பார்த்தார். நான் பிரஷைப் பிழிந்துகொண்டிருந்தேன். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் போர்மன் என் கிட்டே வந்தார். குரல் இறங்கியிருந்தது.

“மாரிமுத்து, தெரிஞ்சா சொல்லுங்க.”

மூடியைக் கழற்ற ஸ்பேனர் வேண்டியதில்லை, கையால் திருகினால் போதும். ஆனாலும் பெட்டி தந்தால்தான் கழற்றுவேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். கழற்றி, கவ்வாத்துக் கத்தி நுனியால் ஒவ்வொரு துளையாகத் திறந்தேன். எஞ்சினைத் துடைத்துத் திருநீறு தட்டி அரை மணி நேரம் ஓடவிட்டோம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. சுப்பையா, “சாமிக்கு மூச்சு முட்டும்னு நெனைக்கலைங்கண்ணே” என்று தலையைச் சொறிந்தார். மறுநாள் துரைசாணி நேரத்துக்குக் கப்பலேறினார்.

அன்று சாயங்காலம் போர்மன் ஒரு பழைய பெட்டியைக் கொண்டுவந்து என் வாளிக்குப் பக்கத்தில் வைத்தார். மேலே சின்ன டப்பாவில் வெள்ளைப் பெயிண்ட். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்: “பேர நீங்களே எழுதிக்கங்க, பாஸ்.”

எழுத்து கோணலாகத்தான் வந்தது, ஆனால் அந்தப் பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது, போர்மன்மேல் இருந்த கோபமும் அதற்குள்ளேதான் இருக்கிறது, இரண்டையும் நான் துருப்பிடிக்க விட்டதில்லை.